ஆறு “இருக்கேன்”

“ஆறு பேரும் குரல் கொடுத்தால்தான் சாப்பாடு என்றால், மற்றவர்கள் பசியில் சாகவா?”

மைனா இதையே மூன்றாவது காலையாகக் கேட்டது. ஓர் எழுத்து மாறவில்லை.

மூத்த தவிட்டுக்குருவி துவைக்கல்லை விட்டு அசையவில்லை. “சாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு,” என்றாள்.

அந்தக் கொல்லையில் அதுதான் சட்டம். வீட்டுக்காரர்கள் பறவைகளுக்குத் தீனி வைக்கும் தட்டுக்குப் பக்கத்து விறகுக் குவியலில் பூனை படுக்கும். அதனால் மூத்தவள் விறகுக் குவியலை விட்டுக் கண் எடுக்காமல் கல்லின் மேல் காவல் நிற்பாள். மருதாணிப் புதருக்குள் இருக்கும் ஆறு தங்கைகளையும் பேர் சொல்லி அழைப்பாள். ஒவ்வொருத்தியும் “இருக்கேன்” என்பாள். ஆறும் வந்தால்தான் கூட்டம் தட்டில் இறங்கும். ஒன்று குறைந்தாலும் கொல்லையையே விட்டுப் போய்விடும். மூத்தவள் கடைசியில்தான் வருவாள். அதற்குள் தட்டு காலியாகியிருக்கும். அவள் வெளியே புழு பொறுக்கிப் பிழைத்தாள்.

அன்று ஐந்து குரல்தான் வந்தது. கடைக்குட்டி பொடிச்சியின் குரல் இல்லை.

மைனா புதருக்குள் நுழைந்தது. பொடிச்சி யார் கண்ணிலும் படாத மூலையில், சருகின் மேல் உயிரில்லாமல் மல்லாந்து கிடந்தாள். மைனா அவளைத் தாண்டி ஒரு கிளையில் உட்கார்ந்து, பொடிச்சியின் மெல்லிய குரலில், “இருக்கேன்,” என்றது.

“சரி, இறங்குங்கள்,” என்றாள் மூத்தவள்.

தட்டில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரம்மா மரியபுஷ்பம், மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் இருந்தவரை வெள்ளரியைக் கழுவிப் பொடியாக நறுக்கி வைப்பாள். பூசணியை உப்பில்லாமல் வேகவைத்து ஆற வைப்பாள். மிச்சத்தை மத்தியானமே எடுத்துத் தட்டைத் தேய்த்துவிடுவாள். கிளம்பும்போது கணவர் அருளப்பனிடம், “பறவைங்களுக்குத் தினமும் காய் வைங்க,” என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதருக்குக் காய் என்றால் உப்பும் காரமுமாகத் தட்டில் வந்து விழுவது. அது வெறும் காயாக இருந்து அவர் பார்த்ததே இல்லை. தாம் தின்று மிஞ்சிய பொரியலை வைத்தார். முளைவிட்ட உருளைக்கிழங்கை வைத்தார். தட்டை ஒரு நாளும் கழுவாமல் அதிலேயே புதியதைப் போட்டார். அடியில் ஒட்டியிருந்ததில் பூசணம் பூத்தது.

மைனா மட்டும் பொரியலோடு சேர்ந்து விழும் பச்சை வெள்ளரித் தோலைப் பொறுக்கித் தின்றது. தங்கைகள் தின்று மீந்ததைக் காலால் சாக்கடைக்குத் தள்ளியது. தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து அருளப்பன் மனைவிக்குப் போன் போட்டு, எல்லாம் நன்றாகச் சாப்பிடுகின்றன, ஒரே சத்தம் என்று பெருமையாகச் சொன்னார்.

மறுநாளும் ஆறு குரல் வந்தது. அதற்கடுத்த நாளும் ஆறு.

அணிலுக்குத்தான் உறுத்தியது. “அக்கா, நாலு குரல் ஒரே கிளையிலிருந்து வருதே?” என்றது.

“என் தங்கைகள் குரல் எனக்குத் தெரியாதா?” என்றாள் மூத்தவள். ஆனாலும் அன்று முழுக்க அவள் இரை தேடப் போகவில்லை.

அடுத்த காலை அழைத்தாள். இருக்கேன். இருக்கேன். ஆறும் வந்தன. ஆறுக்கும் ஒரே கிளைதான் ஆடியது. அவள் “சரி” சொல்லவில்லை. முதல் தடவையாகக் கல்லை விட்டு இறங்கிப் புதருக்குள் போனாள்.

கிளையில் மைனா மட்டும் இருந்தது. கீழே தவிட்டு நிற இறகுகள். எறும்புச் சாரை.

“எத்தனை நாளாக?”

“பொடிச்சியிலிருந்து.”

“தட்டில் இருந்தது ஆகாது என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும்,” என்றது மைனா, பொடிச்சியின் குரலிலேயே. “சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள். அப்புறம் எனக்குக் காவல் ஏது? உங்கள் சத்தம் நின்றால் அவர் தட்டு வைப்பதும் நின்றுபோகும்.”

அன்று பத்து மணிக்கு மரியபுஷ்பம் திரும்பி வந்தாள். தட்டை முகர்ந்து பார்த்தாள்; புதரடியையும் பார்த்தாள்.

“காய் வைக்கச் சொன்னேனா, உங்க எச்சிலை வைக்கச் சொன்னேனா?”

“தினமும் காலியாச்சே, புஷ்பம். சத்தமும் கேட்டுச்சே,” என்றார் அருளப்பன்.

அவள் தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். வெள்ளரி நறுக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வைத்தாள். மூத்தவள் துவைக்கல்லின் மேல் ஏறினாள். தட்டைப் பார்த்தாள். சட்டத்தை மீறவில்லை. ஒவ்வொரு பேராக அழைத்தாள்.

குரல் கேட்கிறது, தட்டு காலியாகிறது என்று திருப்திப்படாமல், தின்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தலையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

“பொடிச்சி,” என்றாள் மூத்தவள் கடைசியாக, “ஒரே ஒரு தரம் சொல்லு.”

கிளையில் மைனா அலகைத் திறக்கவில்லை.