தைத்து மூடிய சட்டைப் பை

"நான் யார் காசையும் தொட்டதில்லைங்க சாமி. அப்புறம் ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது?"

கேட்டவன் சென்னியப்பன். கோவாப் பக்கம் ஓர் ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் கேசினோக் கப்பலில் அவனுக்குச் சீட்டுப் போடுகிற வேலை. நின்றே பார்க்க வேண்டும். சன்னல் கிடையாது. கடிகாரம் கிடையாது. கால் வீங்கி, கண் எரிந்து, ஊரார் விட்ட புகையையெல்லாம் மூச்சாக இழுத்துவிட்டு மலையேறி வந்திருந்தான்.

கேட்டது மண்டிச் சாமியிடம். ஒரு காலத்தில் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கோவாவை ஒட்டிய இந்த மலைக்கு வந்தார். கோபத்தை மட்டும் விடவில்லை.

"சட்டையைக் காட்டு" என்றார்.

காட்டினான். வேலைச் சட்டை. பைகளெல்லாம் நூல் போட்டுத் தைத்து மூடியிருந்தன. பணத்துக்குப் பதில் மேசையில் வைத்து ஆடுகிற காயின் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்று கம்பெனியே தைத்துக் கொடுப்பது. மேசையை விட்டு நகரும்போதெல்லாம் இரண்டு கையையும் ஒருதடவை தட்டி, விரித்து, புரட்டி, கூரையில் இருக்கிற காமிராவுக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் எடுக்கவில்லை என்று.

"சுத்தமான கை. அப்புறம் என்ன நோவு?"

சென்னியப்பன் சொன்னான். அர்த்தநாரி என்று ஒருவர். திருச்செங்கோட்டு லாரிக்காரர். சரக்கு இறக்க வந்த இடத்தில், கப்பலை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஏறினார். நம்ம பக்கத்துப் பையன் என்று இவன் மேசையில் உட்கார்ந்தார். முதல் நாள் ஜெயித்தார். அதிலிருந்து இவன் கைதான் ராசி. வேறு மேசைக்குப் போவதேயில்லை. மூன்று லாரியில் இரண்டு போய்விட்டன. கரையில் வண்டியை எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க ஆள் உண்டு. நாளைக்கு மூன்றாவதோடு வருகிறார்.

"போதும்னு ஒரு வார்த்தை சொன்னா என் வேலை போயிடுமுங்க. நான் போடலைன்னா இன்னொருத்தன் போடுவான். பாவத்துல பாதி கம்பெனிக்கு. கால்வாசி அவருக்கு. மிச்சம் கால்வாசி எனக்கு வருமுங்களா?"

"பத்துல ஒண்ணுன்னு போட்டுக்கோ. கட்டுப்படியாகுமா?"

சென்னியப்பன் யோசித்தான். "அதுன்னா பரவால்லைங்க."

சாமிக்கு முகம் சிவந்தது. "மஞ்சளுக்கே உன்னைவிட மானமாப் பேரம் பேசுவானுக. சீட்டு வெச்சிருக்கியா?"

வைத்திருந்தான். கம்பெனி கழித்து, நடுவில் துளை போட்டுக் கொடுத்த பழைய கட்டு. கைப்பழக்கத்துக்கு.

"போடு. ஆளுக்கு ஒரு சீட்டு. பெருசுக்கு வெற்றி. ரெண்டும் சமமா வந்தா?"

"கம்பெனிக்குங்க."

"அதானே பார்த்தேன்."

சாமி கைத்தடியை வைத்தார். போனது. சொம்பை வைத்தார். போனது. விளக்கை வைத்தார், ஜெயித்தார், சொம்பு திரும்பியது. எழுந்திருக்கவில்லை. இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். விளக்கு போனது. சொம்பு மறுபடி போனது. வெளியே மழைக்காற்று ஏறியது. போர்த்தியிருந்த கம்பளியை உருவி வைத்தார். அதுவும் போனது.

கடைசியில் அடுப்பிலிருந்து கஞ்சிச் சட்டியை இறக்கி நடுவில் வைத்தார்.

சென்னியப்பன் போட்டான். சாமிக்கு ஒன்பது. அவனுக்கும் ஒன்பது.

கஞ்சியும் போனது.

அவன் கையைத் தட்டினான். விரித்தான். புரட்டி, குடிசைக் கூரைக்குக் காட்டினான்.

சாமியும் அண்ணாந்து பார்த்தார். "மேல பல்லிதான் இருக்குது. அதுக்கா காட்டுறே?"

"பழக்கமுங்க."

"ஏன் நிறுத்தலை?"

"ஆடுறவங்களாப் போதும்னு சொன்னாத்தான் நிறுத்தோணும். அதான் சட்டம்."

"சொல்லுற மாதிரியா இருந்தேன் நான்?"

அவன் சீட்டை வாரி அடுக்கினான். சாமியின் வெற்றுத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சரி. ஜெயிச்சதை எடுத்துட்டுப் போ."

"நான் ஜெயிக்கலைங்க. கம்பெனிதான்."

"எங்கே, கூப்பிடு உன் கம்பெனியை. வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

குடிசையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

கெஞ்சிப் பார்த்தான். விளையாட்டுக்குத்தானே என்றான். தோற்றதை உன் கப்பலில் யாராவது திருப்பி வாங்கியிருக்கிறானா என்று கேட்டுவிட்டுச் சாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சென்னியப்பன் எல்லாவற்றையும் கம்பளியில் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினான். கஞ்சிச் சட்டி இடுப்பில் சுட்டது.

மறுநாள் சாயங்காலம். படகுத்துறை. கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகு தயாராக நின்றது.

அர்த்தநாரி வந்தார். லாரி அந்தப் பக்கம் மரத்தடியில் நின்றது. வண்டியை எழுதி வாங்குகிறவன் சாவிக்காகக் காத்திருந்தான்.

வழியில் சென்னியப்பன். வேலைச் சட்டையில், கக்கத்தில் மூட்டையோடு.

"என்னப்பா, மேசைக்குப் போகாம இங்கே நிக்கறே? மூட்டை வேற."

"ஜெயிச்சதுங்கண்ணா."

அர்த்தநாரி மூட்டையை விலக்கிப் பார்த்தார். ஒட்டுப் போட்ட கம்பளி. நசுங்கின சொம்பு. சிரித்துவிட்டார். "இதையெல்லாம் எந்தக் கிறுக்கன் வெச்சு ஆடினான்?"

"மலை மேல ஒரு சாமிங்க. கஞ்சியைக்கூட எங்கிட்டத் தோத்துட்டு, நேத்துப் பட்டினியாப் படுத்தாரு."

சிரிப்பு நின்றது. "போதும்னு நீ சொல்லக் கூடாதா? கொண்டுபோய்க் குடுத்துடப்பா. குளிருமில்ல அந்த ஆளுக்கு."

"கால் வீங்கியிருக்குதுங்கண்ணா. ஏற முடியலை. வண்டி இருந்தாப் போயிடலாம்."

படகு ஊதியது. டூட்டிக்குப் போகிறவர்களுக்கு அதுதான் கடைசிப் படகு. சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

மூட்டையைக் கீழே வைத்தான். கையை ஒருதடவை தட்டினான். விரித்தான். மேலே காட்டவில்லை. அர்த்தநாரியின் முகத்துக்கு நேரே புரட்டிக் காட்டினான்.

படகு மறுபடி ஊதியது.

அர்த்தநாரி அந்த வெறுங்கையைப் பார்த்தார். தைத்து மூடியிருந்த பையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

லாரிச் சாவி இன்னும் இருந்தது.