மலை காணவில்லை

பெரிய கப்பல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. சின்னத் தீவு எதையாவது கண்டால் போதும், ஐயோ பாவம், இதற்கு என்ன ஆபத்து வருமோ என்று மனம் பதறிவிடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஒருவருக்கு அப்படிப் பதறியது. கடலுக்குக் கடல் கப்பல் அனுப்பினார். அவற்றில் மூன்று, வெள்ளை வெளேரென்று, சங்குத்தீவுக்கு வந்து நங்கூரம் போட்டன.

சங்குத்தீவின் ராஜா பெயர் ரணசூரர். சூரமெல்லாம் பெயரோடு சரி. கப்பல் ஊதினாலே சிம்மாசனத்தை விட்டு எழுந்து நின்றுவிடுவார். பீரங்கிகளைக் கண்டதும் துபாஷி தாண்டவராயரைக் கூப்பிட்டனுப்பினார். வாலிபத்தில் சரக்குக் கப்பல்களோடு அலைந்து இங்கிலீஷ் கற்றவர் தாண்டவராயர். வெள்ளைக்காரர் யார் வந்தாலும் அவர்தான் பேச வேண்டும்.

கப்பல் தளபதி ஹாப்கின்ஸ் துரை சபைக்குள் வந்தார். கூடவே பேட்டர்சன் என்ற பத்திரிகைக்காரர், கேமராப் பெட்டியோடு.

"பயப்படாதீர்கள். எங்கள் ஜனாதிபதி உங்களைப் பாதுகாக்க முடிவு செய்துவிட்டார். இதோ பத்திரம்" என்றார் துரை.

"யாரிடமிருந்து?" என்று கேட்டார் தாண்டவராயர்.

"யார் வந்தாலும்!"

"இதுவரை வந்திருப்பது தாங்கள் மட்டும்தான்."

துரையின் முகம் சிவந்தது. ராஜா துபாஷியின் காலை நறுக்கென்று மிதித்தார்.

தாண்டவராயர் பத்திரத்தைப் படித்தார். கப்பல்கள் துறையில் தங்கலாம், தண்ணீர் பிடிக்கலாம்; தீவை அமெரிக்கா காக்கும். அவ்வளவுதான். ஆனால் இப்படிப்பட்ட பத்திரங்களை அவர் எத்தனையோ துறைமுகங்களில் பார்த்திருக்கிறார். கையெழுத்துப் போட்ட தீவும் தப்பியதில்லை, போடாத தீவும் தப்பியதில்லை.

"சம்மதம் துரையவர்களே. ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் காவலுக்கு வருபவன் ஒரு வாக்குக் கொடுப்பான். காவலில் எது காணாமல் போனாலும், திருடன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், அதை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதற்குச் சமமானதைத் தன் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டும். அதுதான் இங்கே காவல் வழக்கம்."

துரை சுற்றிப் பார்த்தார். தேங்காயையும் கோழியையும் விட்டால் இங்கே காணாமல் போக என்ன இருக்கிறது? "தாராளமாக எழுதுங்கள், ஜனாதிபதி பேரிலேயே எழுதுங்கள்!" என்று சிரித்தார். அந்த வரி பத்திரத்தில் ஏறியது. கையெழுத்து விழுந்தது. பேட்டர்சன் படம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் ஒரே கூச்சல். காலிக் குடங்களோடு பெண்கள். தீவு முழுவதற்கும் நல்ல தண்ணீர் என்றால் ஊற்றுமலைச் சுனை ஒன்றுதான். அந்த மலையைச் சுற்றி இப்போது முள்கம்பி. உச்சியில் அமெரிக்கக் கொடி.

"சாமி, தண்ணி மொள்ளப் போனா சீட்டு எங்கேன்னு கேக்குறான்! பொறந்ததுலேருந்து மொள்ளுற சுனைக்குச் சீட்டா?" என்று கத்தினாள் பேச்சியாயி. அவள் இடுப்பில் குழந்தை தாகத்துக்கு அழுதுகொண்டிருந்தது.

ராஜாவுக்கோ கைகால் ஓடவில்லை. "ஓய், சம்மதம் என்று சொன்னது நீர்தானே? சாயங்காலத்துக்குள் மலை திரும்பி வர வேண்டும். ஒரு குண்டும் வெடிக்கக் கூடாது, துரைக்குக் கோபமும் வரக் கூடாது. இல்லாவிட்டால் உம்மைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டுவிடுவேன்!"

"உத்தரவு மகாராஜா" என்று தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார் துபாஷி.

கப்பலில் துரையும் பேட்டர்சனும் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள்.

"துரையவர்களே, தீவில் ஒரு களவு. புகார் கொடுக்க வந்தேன்."

துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் நாளே வேலை! பத்திரிகைக்காரர் வேறு எதிரில் இருக்கிறார். "என்ன போயிற்று? தைரியமாகச் சொல்லுங்கள்."

"ஒரு மலை."

"என்னது?"

"மலை. நானூறு அடி உயரம், மேலே ஒரு சுனை. நேற்றுச் சாயங்காலம் வரை எங்களுடையதாக இருந்தது. காலையில் பார்த்தால் இல்லை."

பேட்டர்சன் பென்சிலைத் தேடினார். துரை காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அது வந்து... நாங்கள்தான்... ஒரு பாதுகாப்புக்காக..."

"எடுத்தது யார் என்று நான் கேட்கவே இல்லையே! எங்கள் வழக்கத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. மலையை மீட்டுக் கொடுங்கள். முடியாதென்றால் உங்கள் வீட்டிலிருந்து ஒன்று கொடுங்கள். உங்கள் தலைநகரத்தில் சட்டசபை ஒரு குன்றின்மேல் இருக்கிறதாமே, எங்களுக்கு அது போதும். உங்கள் மெம்பர்கள் ஏறி இறங்கச் சீட்டுக் கொடுத்துவிடுகிறோம்."

பேட்டர்சன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தளபதி, தலைப்புக் கிடைத்துவிட்டது! 'காவலுக்குப் போன முதல் நாளே மலையைப் பறிகொடுத்த கடற்படை!'"

அது தேர்தல் வருஷம். இதைப் படிக்கும் ஜனாதிபதியின் முகத்தை நினைத்துப் பார்த்தார் துரை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

மத்தியானத்துக்குள் முள்கம்பி சுருண்டது. கொடி இறங்கியது. துரை கரைக்கு வந்து, "மலை அகப்பட்டுவிட்டது" என்றார், தரையைப் பார்த்தபடி.

"அரை நாளில் மீட்டுவிட்டீர்களே! இப்படி ஒரு காவலை நான் கண்டதில்லை" என்று பேட்டர்சன் காதில் விழும்படி மெச்சினார் தாண்டவராயர். துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கோ அவசர வேலை இருக்கிறதென்று மூன்று கப்பல்களும் அன்றைக்கே கிளம்பின. பேச்சியாயி குடத்தை நிரப்பிக்கொண்டு போனாள்.

ரணசூரர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் துபாஷிக்குப் போட்டார். "ஓய், அந்தப் பாழாய்ப் போன பத்திரத்தைக் கிழித்துவிடலாமா?"

"ஐயையோ, பெட்டியில் பூட்டி வையுங்கள்! அது இருக்கும்வரை இங்கே எது தொலைந்தாலும் அவர்கள் பொறுப்பு. இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள்."

ராஜா மடியைத் தடவிப் பார்த்தார். "எது தொலைந்தாலுமா? நேற்றிலிருந்து என் வெள்ளிப் பொடிடப்பியைக் காணோம் ஓய்."

"அதற்கென்ன மகாராஜா, கப்பல்களைத் திரும்பக் கூப்பிடுகிறேன்."

"வேண்டாம், வேண்டாம்!" என்று அலறினார் ரணசூரர். "டப்பியைத் திருடியது நானேதான் என்று எழுதிக்கொள்ளும்!"