கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

குரு அம்மாவுக்கு வயசு முப்பத்தெட்டு. சிஷ்யருக்கு அறுபத்தி நாலு. குளித்தலைப் பக்கம் இருக்கிற அந்த ஆசிரமத்துல யாருக்கும் அது விசித்திரமாத் தெரியல. சிஷ்யர் தணிகாசலம் முப்பத்தி மூணு வருஷம் காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தினவர். அவர் பேசினா கமா, ஃபுல்ஸ்டாப்கூடக் காதுல விழும்.

அன்னிக்கு மத்தியானம் ஒண்ணும் விழல. குரல் அப்படிக் கம்மிப்போயிருந்துச்சு.

ஒரே பொண்ணு பூங்கோதை. நாமக்கல்ல கட்டிக்கொடுத்திருக்கு. மூணு வாரம் முன்னாடி போன் பண்ணி, இந்த வீட்டுல இனிமே முடியலப்பா, கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமான்னு கேட்டிருக்கா. இவரும் பதில் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் அவ போன் பண்ணல. இவர் பண்ணினா எடுக்கறதும் இல்ல.

"தப்பா ஒண்ணும் சொல்லலம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னேன். அவ்வளவுதான்."

"அப்படின்னா?"

வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதும் புரொபசருக்கு உயிர் வந்துடுச்சு. நம்ம ஆளுங்க அந்த வார்த்தையைப் படாதபாடு படுத்துறாங்கன்னு ஆரம்பிச்சார். மூணு பேர் சீட்டுல அஞ்சாவதா உக்கார வர்றவரை மூக்கால பேசிக் காட்டினார். தண்ணியே வராத வீட்டுக்கு வாடகை ஏத்துற ஓனரைத் தொண்டையைச் செருமிக் காட்டினார். சாம்பார் தீந்துபோய் ரெண்டாவது தடவையும் ரசம் ஊத்துற மெஸ்காரரைக்கூட விடல. எல்லாரும் கேக்கறது ஒண்ணேதான். சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.

அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அவர் உக்காந்திருந்த மரத்தடி பெஞ்சுலயே வந்து உக்காந்தாங்க.

"புரொபசர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

நகர்ந்தார்.

அம்மா ஒரு காலைத் தூக்கி மேல வச்சாங்க. இன்னும் கொஞ்சம்னாங்க. நகர்ந்தார். குருவாச்சே, மாட்டேன்னா சொல்ல முடியும்? இன்னொரு காலும் மேல வந்துச்சு. நாலாவது தடவை நகர்றதுக்கு பெஞ்ச் இல்ல. எந்திரிச்சு நின்னார். நிழலும் பெஞ்சோட முடிஞ்சுபோச்சு.

அம்மா காலை நல்லா நீட்டிப் படுத்து, கண்ணை மூடிக்கிட்டாங்க.

"ஆங். இப்ப சௌகரியமா இருக்கு."

புரொபசர் பார்த்தார். வேட்டி நுனியால வழுக்கையைத் துடைச்சார். இந்தக் காலை மாத்தி அந்தக் காலுல நின்னார். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

"உக்கார எடமே இல்லையேம்மா."

அம்மா கண்ணைத் தொறக்கல. "இங்கிலீஷ்காரன் இதுக்கா இந்த வார்த்தையைக் கண்டுபுடிச்சான்? அடுத்தவங்களை வெயில்ல நிக்க வைக்கவா?"

"இல்லம்மா, இல்ல."

வெயில்ல நின்னுக்கிட்டே பாடம் எடுத்தார். இங்கிலீஷுக்கு அது ஃப்ரெஞ்சு வழியா வந்துச்சாம். வேர் லத்தீன்ல இருக்காம். சரிபண்றது, பொருத்துறதுங்கிற அர்த்தமெல்லாம் நடுவுல வந்து ஒட்டிக்கிட்டதாம். ஆதியில அதெல்லாம் இல்லையாம்.

"ஆதியில என்னவாம்?"

"பக்கத்துல சேத்துக்கிறதும்மா."

அம்மா எந்திரிச்சு உக்காந்தாங்க.

"அதைத்தானேய்யா அந்தப் பொண்ணு கேட்டுச்சு?"