யானையின் காது ஏன் நிற்பதில்லை

அந்தக் காலத்தில் யானைக்குக் காது ஆடாது. இரண்டு முறத்தை மாட்டிவிட்ட மாதிரி சும்மா தொங்கும். பூச்சி புழு எல்லாம் பேசிய காலம். இன்றைக்கு நாம் பேசுவதைவிட உருப்படியாகவே பேசின.

கரியாத்தா என்று ஒரு பெண்யானை. அவள் கன்றை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மூங்கில் புதரோரம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். தின்னவில்லை, குடிக்கவில்லை, பேசவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

காடே வந்து புத்தி சொன்னது.

"எல்லாம் விதி ஆத்தா" என்றது மந்தி.

"மனசைத் தேத்திக்கோ" என்றது கரடி.

சொல்வதற்கு என்ன, வாயா வலிக்கிறது?

மைனா வந்து ஒரு கதையை ஆரம்பித்தது. மனப்பாடக் கதை. கண்ணெல்லாம் அத்திப்பழத்தின் மேல். கரியாத்தா உம் கொட்டவில்லை. மைனா பாதியிலேயே பறந்துவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. காட்டு வழக்கம் அப்படி. யாருக்காகக் கதையோ அவர் உம் கொட்ட வேண்டும். அவர் கொட்டாதபோதும் மேலே சொன்னால், சொல்கிறவனுக்குப் பேச்சு போய்விடும்.

சில்வண்டுக்குத்தான் பொறுக்கவில்லை. மழைக்காலமெல்லாம் அவள் காதுக்கு அடியில் ஒண்டிப் பிழைத்த பிராணி அது.

"நான் சொல்றேன்" என்று காதோரம் போய் உட்கார்ந்தது.

"டேய், அவ வாயே திறக்கமாட்டா. உன் பேச்சு போயிடும்டா!" என்றது மந்தி.

"போகட்டும். நீ கொஞ்சம் வாயை மூடு."

ஆரம்பித்தது. ஒரு நத்தை தன் கல்யாணத்துக்குத் தானே நடந்து போன கதை. முதல் முகூர்த்தம் தவறிவிட்டது. பெண் வீட்டார் அடுத்த முகூர்த்தம் பார்த்தார்கள். அதுவும் தவறியது. மாமனார், "மாப்பிள்ளை கிளம்பிட்டாரா, இல்லை இன்னும் கிளம்பிக்கிட்டே இருக்காரா?" என்று கேட்டார்.

உம் இல்லை. சில்வண்டின் குரல் கரகரத்தது.

"நிறுத்துடா!" என்றது மந்தி.

அது நிறுத்தவில்லை. அதன் கண் கரியாத்தாவின் முகத்தைவிட்டு நகரவில்லை. "வழியிலே ஒரு ஆறு" என்றதும் அவள் மூச்சு தடுமாறியது. சட்டென்று, "ஆறு இல்லை ஆத்தா, தப்பாச் சொல்லிட்டேன். கள்ளிவேலி" என்று மாற்றிக்கொண்டது. அவள் மூச்சு சீரானது. மைனாவால் இது முடியுமா?

"வேலிக்கு அந்தப் பக்கம் பந்தல். மேளம் கொட்டுது. நத்தை இந்தப் பக்கம். அப்போ அது என்ன செஞ்சுது தெரியுமா..."

கரியாத்தாவின் காது அசைந்தது. ஒரே ஒரு அசைவு. 'ம், அப்புறம்?' என்கிற மாதிரி.

சில்வண்டு ஆசையாய் வாயைத் திறந்தது. "ரீ..." என்றுதான் வந்தது. மறுபடி முயன்றது. "ரீ...ரீ..." சொல்லெல்லாம் போய்விட்டது. மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கரியாத்தா காத்திருந்தாள். காதை ஆட்டினாள். இன்னொரு தரம் ஆட்டினாள். காத்திருந்த நேரத்தில் தும்பிக்கை தன்பாட்டில் நீண்டு, ஒரு மூங்கில் குருத்தை ஒடித்து அவள் வாயில் வைத்தது. அவளுக்கே தெரியாமல் மென்றாள். பிறகு தெரிந்தே இன்னொன்றை ஒடித்தாள்.

சில்வண்டு அதைப் பார்த்தது. சொல் இல்லாவிட்டால் போகிறது என்று, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தது.

அன்று பிடித்துத்தான் யானை காதை ஆட்டிக்கொண்டே மேய்கிறது, சில்வண்டும் ஓயாமல் கத்துகிறது. நத்தைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று என்னைக் கேட்காதே. காட்டுவழியில் யானையைப் பார்த்தால் முதலில் காதைப் பார். ஆடினால் கதை நடக்கிறது, ஓசைப்படாமல் விலகிப் போ. நின்றுவிட்டதா? கதையை நடுவில் கெடுத்தது நீதான். ஓடு.