வாடிய கிலுகிலுப்பை

படையில் உழைத்து ஓய்ந்த குதிரைகள் கடைசியில் வந்து சேருமிடம் நல்லம்மையின் மடம். செங்கோடனும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். குதிரைப்படையில் காலம் தள்ளியவன். குருவான நல்லம்மையைவிட வயதில் மூத்தவன். வரும்போது தன் செவலைக் குதிரையையும் கூடவே ஓட்டிவந்தான். அதன்மேல் அவனுக்கு உயிர்.

ஊரில் அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். கிணற்றுப் பங்கில் சண்டை மூண்டு, செங்கோடன் தம்பிமேல் அரிவாளை ஓங்கிவிட்டான். அதன் பிறகு அண்ணன் தலை தெரிந்தாலே தம்பி தன் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கிப்போனான்.

ஒரு நாள் அந்தத் தம்பி ஆள் அனுப்பினான். பழசை மறந்துவிட்டு வீட்டோடு வந்து இருக்கும்படி சொல்லியிருந்தான். செங்கோடன் ஓடிவந்து நல்லம்மையிடம் கேட்டான்.

"போகட்டுமா, அம்மா? அவன்மேல் எனக்கு இப்போது கசப்பே இல்லை."

நல்லம்மை அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மேய்ச்சல் நிலத்தில் கிலுகிலுப்பைச் செடி மண்டிக் கிடக்கிறது, குதிரைகளுக்கு அது நஞ்சு, முதலில் அதை ஒழித்துவிட்டு வா என்றாள்.

தம்பிக்கும் களைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவன் அல்ல அவன். வேலிக்குள் அதன் மஞ்சள் பூ ஒன்றுகூட மிச்சமில்லாமல் வெட்டிச் சாய்த்தான். வெட்டியதை அங்கங்கே அப்படியே போட்டான். பாவம், படையில் தீவனம் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். அவனுக்குக் குதிரை ஏறத் தெரியுமே தவிர அது தின்னும் புல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிலத்தை ஒருமுறை பெருமையோடு பார்த்துவிட்டுத் தன் செவலையை மட்டும் அதில் அவிழ்த்துவிட்டான்.

சில வாரங்களில் செவலை எலும்பும் தோலுமாகிவிட்டது. போக்கிடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. எந்த மருந்துக்கும் கேட்காமல் ஒரு காலையில் அவன் மடியில் தலைவைத்துச் செத்தது. போர்க்களத்தில் கண் கலங்காதவன் அன்று வாய்விட்டு அழுதான்.

குழியை மூடியதும் நல்லம்மை அவனை மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துப்போனாள். வேலிக்கு வெளியே நின்ற ஒரு செடியில் இலை கிள்ளிக் கொடுத்தாள்.

"கடித்துப் பார். விழுங்கிவிடாதே."

கடித்தான். வாயெல்லாம் கசந்து குமட்டியது. துப்பினான்.

வேலிக்குள் அவன் வெட்டிப் போட்டிருந்த சருகு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதையும் கடித்தான். வைக்கோலைப்போலச் சப்பென்று இருந்தது. அதையும் துப்பச் சொன்னாள்.

"பச்சையாக நின்றபோது செவலை இதைத் தின்றதா?"

"இல்லை, அம்மா. மோந்துவிட்டு ஒதுங்கிப்போகும்."

"வாடின பிறகு?"

"கசப்புதான் போய்விட்டதே."

"நஞ்சு?"

செங்கோடன் கையிலிருந்த சருகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நல்லம்மையின் கண்களும் கலங்கியிருந்தன. வெட்டியதை அள்ளிக்கொண்டுபோய் எரிக்க வேண்டும் என்று தான் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். குதிரைக்காரனுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டாளாம். "உனக்குப் புரியவைக்கப் போய் ஒரு வாயில்லா ஜீவனைப் பலி கொடுத்துவிட்டேன், செங்கோடா. இந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன்?"

அவன் குனிந்து சருகுகளைப் பொறுக்கத் தொடங்கினான். மண்ணோடு மண்ணாய்க் கிடந்த துணுக்குகளைக்கூட விரலால் கிளறி எடுத்தான். நல்லம்மையும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினாள். வெயில் சாய்ந்தபோதும் சருகு மிச்சம் கிடந்தது.

அப்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "உன் தம்பி மறுபடியும் ஆள் அனுப்பியிருக்கிறான். பிள்ளைகள் பெரியப்பாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே அடமாம். என்ன சொல்லி அனுப்பட்டும்?"

செங்கோடன் தலை நிமிரவில்லை.

"கொஞ்ச காலம் ஒதுங்கியே இருக்கச் சொல்லுங்கள், அம்மா. இன்னும் அள்ளி முடியவில்லை."