மூக்காயி கரடியின் முதுகுவலி

இலுப்பை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் மூக்காயி என்றொரு தாய்க்கரடி தன் ஒரே குட்டியோடு வாழ்ந்து வந்தாள். பிறந்தபோது பிடித்து வைத்த மாவு போல இருந்ததால் குட்டிக்கு உருண்டை என்று பெயர் வைத்திருந்தாள்.

கரடிகளின் வழக்கப்படி, குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் அவள் இரை தேடப் போவாள். உருண்டை அவள் கழுத்து மயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். ஓடையைக் கடந்தாலும் சரி, பாறையில் ஏறினாலும் சரி, அவன் கால் மண்ணில் பட அவள் விட்டதில்லை.

இலுப்பைப் பூ உதிர்ந்தது. நாவல் பழுத்தது. மழையும் பெய்து ஓய்ந்தது.

"அம்மா, நான் இறங்கி நடக்கட்டுமா?" என்று உருண்டை அடிக்கடி கேட்பான்.

"நேற்றுத்தான் கண்ணைத் திறந்தாய், அதற்குள் உனக்கு நடையா? முள் குத்தும். பேசாமல் உட்கார்!" என்பாள் மூக்காயி.

சில நாளாக அவளுக்கு உடம்பு சரியில்லை. நாலடி வைத்தால் மூச்சு இரைத்தது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. ஒரே மூச்சில் ஏறிய மேட்டில் இப்போது நின்று நின்று ஏற வேண்டியிருந்தது.

'எனக்கு என்ன நோய் வந்துவிட்டதோ? எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பச்சைக் குழந்தையை யார் பார்ப்பார்கள்?' என்று நினைத்து நினைத்து மருகினாள். கடைசியில், வைத்தியம் தெரியும் என்று சொல்லித் திரிந்த நரியிடம் போனாள்.

நரி அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முதுகில் கிடந்த குட்டியின் பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் தரையில் உரசிக்கொண்டிருந்தன. நரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் அது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

"அடடா! முற்றிய வாயுப் பிடிப்பு, தாயே! நல்ல வேளை, என்னிடம் வந்தாய்."

"பிழைப்பேனா ஐயா?"

"தேனும் பழமும் இந்த நோய்க்கு விஷம். கிடைப்பதையெல்லாம் இங்கே கொண்டு வந்து போட்டுவிடு. நீ வேப்பங்கொழுந்து மட்டும் தின்றால் போதும்."

மூக்காயி அப்படியே செய்தாள். குட்டிக்கு ஒரு பங்கு போக மற்ற தேனெல்லாம் நரிக்குப் போனது. குட்டி கொழுத்தான், நரியும் கொழுத்தது. மூக்காயி மட்டும் நாளுக்கு நாள் இளைத்தாள்.

"வைத்தியம் பலிக்கக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்," என்றது நரி, வாயில் ஒட்டிய தேனை நக்கிக்கொண்டே.

ஒரு நாள் காலையில் ஓடைக்கரையில் சிறுத்தை ஒன்று வழிமறித்தது.

"கரடியே, நீ தள்ளாடி நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டியை வைத்துவிட்டு ஓடிவிடு!"

"என் உயிர் போனாலும் அது நடக்காது!" என்று மூக்காயி பின்னங்கால்களில் எழுந்து நிற்கப் பார்த்தாள். முதுகுப் பாரம் பின்னால் இழுத்தது. தடாலென்று மல்லாந்து விழுந்தாள். உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்து போனான். சிறுத்தை பாய்வதற்குப் பதுங்கியது.

அப்போது மூக்காயியின் தலைக்குப் பின்னால் காடே அதிரும்படி ஓர் உறுமல் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். மயிர் சிலிர்க்க, நகங்களை விரித்துக்கொண்டு ஒரு கரடி நிமிர்ந்து நின்றது. 'யாரோ புண்ணியவான் துணைக்கு வந்திருக்கிறான்,' என்று நினைத்தாள்.

"என் அம்மா மேல் கை வைத்துப் பார்!" என்றது அந்தக் கரடி.

மூக்காயிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிறுத்தை இரண்டடி பின்வாங்கியது. "ஒரு கரடியும் ஒரு குட்டியும் என்றல்லவா வந்தேன்? இங்கே இரண்டு கரடிகள் இருக்கின்றனவே!" என்று முணுமுணுத்தபடி புதருக்குள் மறைந்தது.

மூக்காயி எழுந்து மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலை அவள் தோளைத் தொட்டது. நெஞ்சில் பிறை போல வெள்ளை மயிர் அகலமாக விரிந்திருந்தது.

"எப்போதடா இவ்வளவு வளர்ந்தாய்?"

"தெரியவில்லை அம்மா. நான் எங்கேயும் போகவில்லையே. உன் முதுகில்தான் இருந்தேன்."

"அதனால்தான் என் கண்ணில் படவில்லை," என்றாள் மூக்காயி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இருவரும் நடந்து போகும் வழியில் நரி எதிர்ப்பட்டது. "இன்றைக்குத் தேன் எங்கே?" என்று கேட்டது.

"வைத்தியரே, என் நோய் கீழே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது," என்றாள் மூக்காயி.

உருண்டை நிமிர்ந்து நின்றான். நரி ஓட்டமெடுத்தது.

மூக்காயியின் முதுகு லேசாக இருந்தது. காற்றுப் பட்டுச் சில்லென்றும் இருந்தது. அந்த வெறுமை அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"கால் வலித்தால் சொல், கண்ணே. தூக்கிக்கொள்கிறேன்."

"வலிக்கவில்லை அம்மா!"

முன்னால் ஓடிய உருண்டை ஒரு கறையான் புற்றைக் கண்டான். பரபரவென்று தோண்டி மூக்கை உள்ளே நுழைத்தான். நிமிர்ந்தபோது முகமெல்லாம் செம்மண்.

"அம்மா, உனக்கும் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா!"

அன்றுதான் முதன்முதலாக, மகன் தேடிய இரையை மூக்காயி தின்றாள். இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கித் தின்றாள்.

நீதி: தூக்கிச் சுமக்கும் வரை பிள்ளை குழந்தைதான், இறக்கிவிட்டுப் பார்த்தால்தான் அதன் வளர்த்தி தெரியும்.