காக்கை விதைத்த நிழல்

ஒரு காட்டைத் தாண்டினால் பெரிய புல்வெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் புல்தான்; மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அங்கே ஒரு கானமயில் வாழ்ந்து வந்தது. பெயரில்தான் மயில். தோகையும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. நீண்ட கால்களும் காய்ந்த புல்லின் நிறமும் கொண்ட பெரிய பறவை அது.

கானமயில் கூடு கட்டாது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில். அதனால் மிகவும் எச்சரிக்கையாக இருக்கும். இரை தேடப் புறப்பட்டால் எழுந்தவுடன் நிமிராது. புல்லுக்குள் தலையைத் தாழ்த்தி நூறு அடி நடந்து, பிறகுதான் தலையைத் தூக்கும்.

காட்டிலிருந்து ஓர் அண்டங்காக்கை முட்டை திருடத் தினமும் வரும். கானமயில் தலை தூக்கிய இடத்தில் போய்த் தேடும். அங்கே என்ன இருக்கும்? உட்கார்ந்து வேவு பார்க்கலாமென்றால் ஒரு கிளையும் இல்லை. இறக்கை வலிக்கச் சுற்றிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

ஒரு நாள் காக்கை நல்ல பிள்ளை மாதிரி வந்து இறங்கியது.

“என்னக்கா, இப்படி வெயில்ல காயறீங்களே? காட்டுல எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசுறாங்க.”

“என்ன பேசுறாங்க?”

“அதை என் வாயால வேற சொல்லணுமா? தலைக்கு மேல ஒரு நிழல்கூட இல்லாத ஜென்மம்னு சிரிக்கிறாங்க. எனக்கே மனசு கேக்கல. நாலு வேலமரத்து விதை கொண்டு வந்திருக்கேன். போட்டா மூணே மழையில மரமாயிடும்.”

கானமயிலின் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை வெயிலை அது ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தது.

“சரி தம்பி, போடு,” என்றது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. புல்லோடு சேர்த்துச் செடிகளையும் மேய்ந்துவிடும் வெளிமானிடம் தானே போய்ச் சொன்னது.

“அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் மேயாதீங்க. மரம் வளருது.”

“நமக்கு எதுக்கும்மா மரம்?”

“நாலு பேரு மதிக்கணும்ல?”

வெளிமான் வேறு பக்கம் மேயப் போனது.

மூன்று மழைக்காலம் போனது. மரங்கள் வளர்ந்தன. அந்த ஆண்டு கானமயில் நிழலை ஒட்டியே முட்டையிட்டது. சுகமாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் இரை தேடப் புறப்பட்டது. வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தி நூறு அடி நடந்தது. மர உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கை, புல் முதலில் எங்கே அசைந்தது என்று மேலேயிருந்து பார்த்துவிட்டது. நேராக அங்கே இறங்கியது.

கானமயில் ஓடி வந்தபோது உடைந்த ஓடுதான் கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அடப் பாவி! எனக்கு நிழல் வேணும்னுதானே மரம் வச்ச?”

காக்கை அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது. “நிழல் உங்களுக்குத்தான் அக்கா. கிளை எனக்கு.”

கானமயில் வெளிமானிடம் போய் நின்றது. “மேயாதீங்கன்னு நானே சொன்னேனே அண்ணே! என் கையாலேயே கெட்டேன்.”

“வளர்ந்த மரத்தை என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மேற்கால இன்னும் வெறும் புல்லு கிடக்கு. அங்க வா. எங்க கூட்டம் ஒரு செடியையும் தலை தூக்க விடாது.”

அடுத்த ஆண்டு கானமயில் மேற்குக் கோடியில் முட்டையிட்டது. காக்கை அங்கேயும் விதையோடு வந்தது.

“ஐயோ அக்கா, இங்கயும் நிழல் இல்லையே!”

“இல்லைதான். அதுக்காகத்தான் இங்க வந்தேன்.”

காக்கை விடாமல் விதைத்தது. முளைத்ததையெல்லாம் மான்கள் துளிரிலேயே மேய்ந்தன. கானமயில் தலை தூக்கிய இடத்தில் காக்கை பழையபடி தேடிப் பார்த்தது. இறக்கை வலிக்கவே காட்டுக்குத் திரும்பிப் போனது.

இருபத்தேழாம் நாள் முட்டை உடைந்து குஞ்சு வெளியே வந்தது. ஈரம் காய்ந்ததும் இரண்டு அடி தள்ளாடியது. பிறகு தலையைத் தாழ்த்திக்கொண்டு, அம்மாவின் பின்னால் புல்லுக்குள் நடந்து போனது.

நீதி: மரமில்லாத நிலம் வெறும் நிலம் அல்ல, அதைத் திருத்த வருகிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் பார்.